மரகதவல்லியின் வீணை

சபா மேடைகளில் 'இசைக் குடும்பம்' என்ற சொல் எவ்வளவு இயல்பாக வந்து விழுகிறது! தாத்தா வயலின், அப்பா வயலின், பிள்ளைகளும் வயலின். எல்லாரும் சேர்ந்து ஓர் ஒலிப்பதிவு வெளியிட்டால் 'இசை ரத்தத்திலேயே இருக்கிறது' என்று பாராட்டுவார்கள். ரத்தத்தில் இருப்பது சுரமா, வீட்டுக்குள்ளேயே கருவியும் குருவும் மேடையும் கிடைக்கிற வசதியா என்று கேட்டால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

நம் நெல்லைச் சீமையும் ஒரு நரம்பிசைக் குடும்பத்தைத் தந்திருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். நாடார் கிறித்தவர். ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போன இடத்தில் வயலின் கற்றார். பிறகு தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியர், சித்த மருத்துவர். மருந்து விற்ற காசில் 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் 'கருணாமிர்த சாகரம்' நூலை வெளியிட்டார். பரம்பரையும் மடமும் அரண்மனையும் அவருக்குப் பின்னால் இல்லை.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. முன்னின்று நடத்தியவர் பாத்கண்டே. ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதி என்பது அங்கே பெரிய சண்டை. வடமொழி நூல்களின் வழிவந்த கணக்கு 22. பண்டிதர், சிலப்பதிகாரம் சொல்லும் பாலை முறைகளிலிருந்து கணக்கிட்டு 24 என்றார். அதை மெய்ப்பிக்க அவர் அழைத்துப்போனது தன் மகள்கள் மரகதவல்லியையும் கனகவல்லியையும்தான். வீணையோடு அந்தச் சபையில் அமர்ந்து அப்பாவின் வாதத்தை ஒலியாக்கிக் காட்டினார்கள்.

(24 சரியா என்பது வேறு விவாதம். ஸ்தாயியைச் சமமாக வெட்டும் கணக்கு கமகத்துக்கு ஒத்துவருமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு.)

அதற்கு எட்டே ஆண்டுகளுக்கு முன்பு, 1908இல்தான், கமுதிக் கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமை இல்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருந்தது. அந்தச் சமூகத்தில் பிறந்தவரின் மகள்கள் வித்வான்கள் முன்னால் வீணை மீட்டி, உங்கள் சாத்திரக் கணக்கு தவறு என்கிறார்கள்! பண்டிதரின் பெயராவது ஆய்வேடுகளில் அடிபடுகிறது. மகள்கள் அங்கேயும் அடிக்குறிப்புதான். 'அப்பாவுக்கு உதவினார்கள்' என்று ஒரு வரி. வாசித்தவர்களை உதவியாளர்களாக்கும் இந்த வேலையைச் சாதி தனியாகச் செய்வதில்லை, ஆணாதிக்கமும் கைகொடுக்கிறது. இன்று பண்டிதரைச் சாதிப் பெருமைக்கான படமாக மாட்டிவைக்க நினைப்பவர்களுக்கும் அந்தப் பெண்கள் தேவைப்படமாட்டார்கள்.

வீணை வீட்டுக் கூடத்துக்கு, நாகசுரம் வீதிக்கு, பறை ஊர் எல்லைக்கு என்று கருவிகளுக்கும் இடம் பிரித்துவைத்த நாடு இது. தாமிரபரணிக் கரையில் கொடைக்குக் கொடை ஒலிக்கும் வில்லுப்பாட்டின் வில்லும் நாண் பூட்டிய கருவிதானே? வீசுகோலால் அடிக்க, மணிகள் குலுங்க, பக்கத்தில் குடமும் உடுக்கையும் சேர, விடிய விடிய அது பேசுகிறது. பாபநாசம் பக்கத்து முத்துப்பட்டன் கதையை, அருந்ததியர் வீட்டு அக்கா தங்கை இருவரையும் மணந்த பிராமணனின் கதையை, இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பது அந்த நாண்தான். குடும்பமாகவே வில்லடிக்கிறவர்களும் இங்கே உண்டு. ஒலிப்பதிவுக் கூடம் அவர்களுக்கு ஒட்டும் சீட்டு மட்டும் வேறு: 'நாட்டுப்புறம்'.