விமானியின் கையும் கணினியின் கணக்கும்

பலாபத்வலயில் என் தமக்கையின் வீட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தால், இரவு பத்து மணிக்குப் பின்னர், ஏ9 வீதியில் லொறிகளின் இரைச்சல் அடங்கியதும், வானத்தில் விமானம் செல்லும் ஓசை தெளிவாகக் கேட்கும். சென்ற முறை அங்கே தங்கியிருந்தபோது அப்படியொரு ஓசை மிளகுக் கொடிகளுக்கு மேலாகக் கடந்து போயிற்று. அருகில் இருந்த மருமகன், பொறியியல் படிப்பவன், தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "மாமா, இப்ப பைலட் எஞ்சின தொடுறதே இல்ல. அவர் கேக்குறாரு, கம்பியூட்டர் குடுக்குது."

அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அகமதாபாத் விபத்தைப் பற்றி எழுதும்படி வாசக நண்பர்கள் சிலர் கேட்டு நெடுநாளாயிற்று. எங்கே தொடங்குவது என்று தெரியாதிருந்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் வழிகாட்டியது.

நான் கலைப் பட்டதாரி. இயந்திரங்களைப் பற்றி எழுதும்போது சற்றுக் கூச்சம் உண்டு. எனினும் இதன் அடிப்படை கடினமன்று. பழைய ஜெட் எஞ்சின்களில் விமானி கைப்பிடியைத் தள்ளினால், கம்பிகளும் நெம்புகோல்களும் அந்த அசைவை எஞ்சினிலுள்ள எரிபொருள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொண்டு செல்லும். அதனுள் இருந்த உருள்களும் விற்களும் எவ்வளவு எரிபொருள் விடவேண்டும் என்பதைத் தீர்மானித்தன. இன்று கைப்பிடியிலிருந்து செல்வது மின் சமிக்ஞை மட்டுமே. எஞ்சினின் மேலுறையில் பொருத்தப்பட்ட கணினி, சுழல் வேகம், வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றை ஒரு விநாடிக்குள் பலமுறை அளந்து, எரிபொருளின் அளவை முடிவு செய்கிறது. எஞ்சின் அளவுமீறிச் சுழலாமலும், உள்ளே காற்றோட்டம் தடுமாறாமலும் பார்த்துக்கொள்வதும் அதுவே. ஒன்று பழுதானால் மற்றது பொறுப்பேற்கும் வகையில் இரு தடங்கள் அதற்கு உண்டு. எஞ்சின் சுழலும்வரை தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் எஞ்சினிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. துறையினர் இதனை ஃபேடெக் என்பர். முழு அதிகாரம் பெற்ற எண்ணிமக் கட்டுப்பாடு என்பது பொருள். 1984இல் போயிங் 757இன் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களுடன் பயணிகள் விமானங்களில் புகுந்த இந்த ஏற்பாடு, இன்று பெரிய ஜெட் விமானங்களில் பொது விதியாகிவிட்டது.

'முழு அதிகாரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கணினியை ஒதுக்கிவிட்டு விமானி தன் கையாலேயே எரிபொருளை அளந்து விடும் மாற்று வழி இதில் இல்லை. ஆனால் எரிபொருளை முற்றாக நிறுத்தும் ஆளி மட்டும் இன்னமும் விமானியின் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. தவறுதலாகத் தட்டுப்படாதிருக்க, மேலே தூக்கிய பின்னரே அதனை நகர்த்த முடியும்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஏயார் இந்தியா 171இல் பேசுபொருளானது அந்த ஆளிதான். விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். தரையில் இறந்தோரையும் சேர்த்து 260 உயிர்கள் போயின. சரியாக ஒரு மாதம் கழித்து வெளியான முதற்கட்ட அறிக்கை, விமானம் தரையை விட்டெழுந்த சில விநாடிகளில் இரு எஞ்சின்களின் ஆளிகளும் ஒரு விநாடி இடைவெளியில் 'நிறுத்து' நிலைக்கு மாறியதாகப் பதிவாகியிருக்கிறது என்றது. பத்து விநாடிகளின் பின் முதல் ஆளியும், மேலும் நான்கு விநாடிகளில் இரண்டாவதும் மீண்டும் 'இயங்கு' நிலைக்கு வந்தன. அப்போது ஃபேடெக் தன் வேலையைத் தொடங்கிற்று. எரிபொருளை விட்டது, தீ மூட்டியது. முதல் எஞ்சின் மீளத் தொடங்கியது. இரண்டாவது பற்றிக்கொண்டாலும் அதன் சுழற்சி வீழ்வதைத் தடுக்க முடியவில்லை. கணினி மீண்டும் மீண்டும் எரிபொருளைச் செலுத்திப் பார்த்தது. உயரம்தான் போதவில்லை.

இதுவரை சரி. என் மனக்குறை அதே அறிக்கையின் இன்னொரு வரியைப் பற்றியது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதாகவும், தான் அப்படிச் செய்யவில்லை என்று மற்றவர் சொன்னதாகவும் அது கூறுகிறது. கேட்டவர் யார், சொன்னவர் யார் என்பது இல்லை; அவர்கள் உரைத்த சொற்களும் இல்லை. முன்னும் பின்னும் என்ன பேசப்பட்டது என்பதும் இல்லை. உரையாடலை முழுதாக வெளியிடலாம். விசாரணை முடியும்வரை முழுதாக மூடியும் வைக்கலாம். ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்துத் தெருவில் போட்டால் பத்திரிகைகள் என்ன செய்யும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாததா? சில நாட்களுக்குள் இறந்துபோன ஒருவரின் மனநிலையை உலகமே ஆராய்ந்துகொண்டிருந்தது.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதியும் இல்லை. இளமையில் மாத்தளைப் பக்கம் நடந்த ஒரு பஸ் விபத்தைப் பற்றிச் சாரதியின் கவனக்குறைவு என்று தலைப்பிட்டு எழுதியவன் நான். பிரேக் குழாய் வெடித்திருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. திருத்தம் உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. அந்தச் சாரதியின் வீட்டார் அதனைப் பார்த்தார்களோ என்னவோ.

பிரித்தானியா இதைவிடப் பெரிய அளவில் இதே தவறைச் செய்தது. 1994 ஜூன் 2 அன்று ஸ்கொட்லாந்தின் முல் ஒவ் கின்டயரில் ஒரு சினூக் ஹெலிகொப்டர் மலையில் மோதி 29 பேர் இறந்தனர். அதில் உரையாடல் பதிவுக் கருவியும் இல்லை, பறப்புப் பதிவுக் கருவியும் இல்லை. எவ்வித ஐயமும் அற்ற நிலையிலன்றி இறந்த விமானியைக் குற்றஞ்சாட்டக் கூடாது என்று விமானப்படையின் விதியே சொன்னது. இருந்தும் 1995இல் இரு விமானிகளும் பாரிய கவனக்குறைவு இழைத்தவர்கள் என்று உயரதிகாரிகள் தீர்ப்பெழுதினர். அந்த ரகத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஃபேடெக் மென்பொருளில் 18 விழுக்காட்டை மட்டும் சோதித்தவர்கள் 486 குறைபாடுகளைக் கண்டிருந்தனர். விபத்துக்கு முந்தைய நாள்தான் சோதனை விமானிகளின் பறப்புகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. மென்பொருள்தான் காரணம் என்று எவரும் நிறுவவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. ஐயத்துக்கு இடமிருந்தது என்பதே செய்தி. அந்தத் தீர்ப்பு விலக்கப்பட 2011 வரை, பதினாறு ஆண்டுகள் பிடித்தன.

மென்பொருளில் ஒரு சிறு தவறும் கொல்லும் என்பதற்கு 2015 மே 9 அன்று செவில் நகரருகே வீழ்ந்த ஏ400எம் விமானம் சான்று. மூன்று எஞ்சின்களின் கணினிகளில் இருக்கவேண்டிய அளவீட்டுத் தரவுகள், மென்பொருளை நிறுவும்போது அழிந்திருந்தன. நால்வர் மாண்டனர்.

அகமதாபாத்தில் ஃபேடெக் பிழைத்தது என்று நான் வாதிடவில்லை. அறிக்கையைப் படித்தால் அது கடைசிவரை போராடியதாகவே தெரிகிறது. ஆனால் பறப்புப் பதிவு காட்டுவது ஒரு மின் சமிக்ஞை மாறியதை. ஒரு விரல் அசைந்ததைக் காண அதற்குக் கண் இல்லை. இடையிலிருந்த ஆளி, அதன் பூட்டு, கம்பி, தொடுகை எல்லாம் ஆராயப்படவேண்டியவை. போயிங் ரக விமானங்களில் அந்த ஆளியின் பூட்டு கழன்ற நிலையில் இருக்கலாம் என்று 2018 டிசெம்பரில் அமெரிக்க அதிகாரிகள் அறிவுறுத்தல் விடுத்தனர். கட்டாயம் அல்ல என்பதால் ஏயார் இந்தியா அப்பரிசோதனையைச் செய்யவில்லை என்பதும் அதே முதற்கட்ட அறிக்கையில்தான் இருக்கிறது. அதைத் தலைப்பாக்கிய பத்திரிகைகளை விரல்விட்டு எண்ணலாம்.

மூத்த விமானியின் முதிய தந்தை இந்திய உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். அவருடைய மகனைக் குற்றவாளி என்று எவரும் கருதமுடியாது, அந்தப் பாரத்தை அவர் சுமக்க வேண்டாம் என்று 2025 நவம்பர் 7 அன்று நீதிபதிகள் கூறினர். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒருவர் அதைக் கேட்க நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.