27-வது மாடியில் காத்திருந்தவர்... 69-வது மாடியிலிருந்து தப்பியவர்! - வீல்சேர் சொல்லும் பாடம்

'தீ விபத்தின்போது லிஃப்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்.' அப்பார்ட்மென்ட், ஆபீஸ், ஹோட்டல் என எல்லா இடங்களிலும் இந்த போர்டு இருக்கும். சரி, படியில் இறங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில், 69-வது மாடியில் வேலை பார்த்தார் ஒருவர். கை, கால்கள் செயலிழந்தவர். 1993-ல் அந்த மையத்தின் கீழ்த்தளத்தில் குண்டு வெடித்தபோது, அவரை வெளியே கொண்டுவர சுமார் 6 மணி நேரம் ஆனது.

அதன்பிறகு அங்கே 'எவாக்குவேஷன் சேர்' வாங்கி வைத்தார்கள். எடை குறைவான, மடக்கி வைக்கக்கூடிய நாற்காலி இது. ஆளை உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டால், படிகளின் விளிம்பில் சறுக்கியபடி இறங்கும்.

2001 செப்டம்பர் 11, காலை 8.46. கோபுரத்தில் விமானம் மோதியது. சக ஊழியர்கள் 10 பேர் அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, மாறி மாறிப் பிடித்தபடி இறங்கினார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அடுத்த சில நிமிடங்களில், 10.28-க்குக் கோபுரம் சரிந்தது.

அதே கோபுரத்தின் 27-வது மாடியில் இன்னொரு வீல்சேர் ஊழியர் இருந்தார். மீட்புப் படையினரின் உதவிக்காகக் காத்திருந்தார். அவரைத் தனியே விட மனமில்லாமல் நண்பர் ஒருவரும் கூடவே இருந்தார். இருவருமே உயிருடன் திரும்பவில்லை.

69-வது மாடிக்காரரைக் காப்பாற்றியவை இரண்டு. முன்கூட்டியே வாங்கி வைத்த நாற்காலி, பக்கத்திலேயே இருந்த மனிதர்கள். நம் வீட்டிலும் இந்த இரண்டையும் தயார் செய்ய முடியும்.

* மாற்றுத்திறனாளியோ, மூட்டுவலியால் படி இறங்க முடியாத பாட்டியோ வீட்டில் இருந்தால், அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடமாவது இப்போதே பேசி வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் வருவார்.

* எப்படித் தூக்கினால் வலிக்காது என்பதை அவரிடமே கேட்டு, ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

* காது கேளாதவருக்கு அலாரம் கேட்காது. அவரை நேரில் போய் எழுப்ப ஓர் ஆள் வேண்டும். பார்வையற்றவர் அவசரப் படிக்கட்டில் முன்பே நடந்து பழகியிருக்க வேண்டும்.

* மாத்திரைகள், சார்ஜர், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத ஒரே பையில் வையுங்கள். மழைக்காலத்தில் இது கட்டாயம்.

* அசோசியேஷன் மீட்டிங்கில் எவாக்குவேஷன் சேர் வாங்குவது பற்றிப் பேசுங்கள்.

அரசுக்கும் கடமை உண்டு. மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பராமரிக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 8-வது பிரிவு. உங்கள் வீட்டவரின் பெயர் அதில் இருக்கிறதா எனக் கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். பேரிடர் நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை அழைக்க 1077.

ஆனால், படிக்கட்டில் புகை சூழும்போது முதலில் ஓடி வரக்கூடியவர் எதிர் ஃப்ளாட்காரர்தான். இன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, இதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.