குழந்தை பிறந்தும் வயிறு இறங்கவில்லையா?

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். ஏதாவது கல்யாண வீட்டில் ஒருவர் வயிற்றைப் பார்த்துவிட்டு, “அதுக்குள்ள அடுத்ததா?” என்று கேட்டுவிடுவார். அன்று இரவே யூடியூபைப் பார்த்து சிட்-அப்ஸ் எடுக்க ஆரம்பிக்கும் தாய்மார்கள் உண்டு. பிரசவித்த வயிற்றுக்கு முதலில் கொடுக்கக் கூடாத பயிற்சி அதுதான்.

வயிற்றின் முன்புறம், நெஞ்சுக்கூட்டிலிருந்து இடுப்பெலும்பு வரை இரண்டு நீளத் தசைகள் பக்கத்தில் பக்கத்தில் இறங்குகின்றன. இரண்டையும் நடுவில் இணைப்பது ஒரு திசுப்பட்டை. கர்ப்பப்பை வளர வளர இந்தப் பட்டை அகன்று மெலிகிறது. கடைசி மாதங்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே இப்படி ஆகும். பிரசவமான முதல் 8 வாரங்களில் இடைவெளி தானாகவே பெருமளவு குறையும். சிலருக்கு மட்டும் குறையாமல் நின்றுவிடும். இதை ‘டயஸ்டாசிஸ் ரெக்டி’ என்கிறார்கள் மருத்துவர்கள். எடை குறைந்த பிறகும் வயிறு தள்ளியே இருந்தால், காரணம் சாப்பாடாக இல்லாமல் இதுவாக இருக்கலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொண்டு, தொப்புளுக்குச் சற்று மேலே நடுக்கோட்டில் விரல்களைச் சேர்த்து வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் தசை இறுகும். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தெரிந்தால் பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது நல்லது.

பழைய பருத்திப் புடவையைக் கிழித்து வயிற்றில் கட்டிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். முதல் சில வாரங்களுக்கு அது இதமாகத் தாங்கும், தப்பில்லை. ஆனால் தசைக்குப் பலம் துணியால் வராது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் தசைகளைப் பாதிக்கும். பெல்ட்டுக்கும் இதே கதைதான்.

தொடக்கம் மூச்சிலிருந்து. படுத்தபடி மூச்சை இழுத்து, மெதுவாக விடும்போது தொப்புளை முதுகுப் பக்கமாக உள்ளிழுக்க வேண்டும். கூடவே, சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசைகளையும் இறுக்க வேண்டும். ஐந்து நொடி, பிறகு தளர்வு. பத்துத் தடவை போதும். சுகப்பிரசவம் என்றால் சில நாட்களிலேயே தொடங்கலாம். சிசேரியன் என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. இது பழகிய பிறகு, படுத்தபடியே குதிகாலைத் தரையில் தேய்த்துக் காலை நீட்டி மடக்கலாம். கடினமான பயிற்சிகள் எல்லாம் ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகுதான். எந்தப் பயிற்சியிலாவது வயிற்றின் நடுவே வரப்புபோல மேடு கிளம்பினால், அந்தப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம்.

படுக்கையிலிருந்து சட்டென்று நேராக எழுவதும் ஒரு சிட்-அப்தான்! ஒருக்களித்து, கையை ஊன்றி எழுவதே சரி.

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிந்தால், பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று மறைக்க வேண்டாம். பயிற்சியால் சரியாகக்கூடியது அது. தொப்புள் அருகே கட்டிபோலப் புடைத்து, அழுத்தினாலும் உள்ளே போகாமல் வலித்தால் குடலிறக்கமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.