எத்தனை ஸ்லைடர்? எவ்வளவு அகலம்?



போன வருஷம் எங்க ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா. நடவு வயலிலே பாடியே வளர்ந்த எங்க தாத்தா மேடை ஏறினார். பாதிப் பாட்டில் மைக் 'கூ...' என்று கூவியது. மைக்செட் அண்ணன் ஈக்வலைசரில் ஒரு ஸ்லைடரை அடிவரை இறக்கினார். கூவல் நின்றது. தாத்தா குரலும் மங்கிப் போனது. "வயசாயிடுச்சு, குரல் போயிடுச்சு" என்றது ஊர். போகவில்லை நண்பர்களே, நாம்தான் எடுத்துவிட்டோம்!

அது 10 பேண்ட் பெட்டி. ஒரு ஸ்லைடருக்கு ஒரு ஆக்டேவ். தஞ்சாவூர்க்காரருக்கு இதை விளக்கணுமா? கீழ் ச-விலிருந்து மேல் ச வரை ஒரு ஸ்தாயி, 12 ஸ்வரஸ்தானம். 1000 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை இறக்கினால் ஏறத்தாழ 707 முதல் 1414 வரை அடிபடும். 15 பேண்டில் 2/3 ஆக்டேவ். 794 முதல் 1260 வரை. 31 பேண்டில் 1/3 ஆக்டேவ்; 891 முதல் 1122 வரை, நாலே ஸ்வரஸ்தானம். கூவுவதோ ஒரே ஒரு அதிர்வெண்! ஒரு களைக்காக ஒரு பாத்தி நாற்றையே பிடுங்கலாமா?

'31' என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. சில சர்க்யூட்டில் ஸ்லைடரைக் கொஞ்சம் இறக்கினால் பட்டை அகலமாகவே இருக்கும்; நிறைய இறக்கினால்தான் குறுகும். எவ்வளவு இறக்கினாலும் அகலம் மாறாததற்குப் பெயர் கான்ஸ்டன்ட் க்யூ. ஆகவே கடையில் "எத்தனை ஸ்லைடர்?" என்பதோடு "எவ்வளவு அகலம்?" என்றும் கேளுங்கள்.

"10 பேண்டே போதும், 31 இருந்தால் ஆளாளுக்குக் கலைச்சிடுவாங்க" என்பார்கள். தவிலுக்குக் கொஞ்சம் கனம் சேர்க்க அகலப் பட்டை நல்லதுதான். கூவலை வெட்ட அது உதவாது. அதற்கும் முன்னால், மைக்கை வாய்க்குக் கிட்டே வையுங்கள். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் லாபம். திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்னம் பாடுவதுபோல் பலர் சேர்ந்து பாடும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். திறந்த மைக் இரண்டு மடங்கானால் கூவாமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும்.

நம் லேபில் சிக்னல் ஜெனரேட்டர் இருக்கிறது, சி.ஆர்.ஓ. இருக்கிறது. வருஷத்தில் ஒரு நாள் சுற்று வட்டார மைக்செட் அண்ணன்களை அழைத்து, அவர்கள் பெட்டியை அளந்து காட்ட நம் மாணவர் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். இது என் கோரிக்கை.

எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான். நான் படித்த பேண்ட்வித் பரீட்சைப் பேப்பரோடு நின்றுவிட்டால் யாருக்கு லாபம்? அடுத்த திருவிழாவில் தாத்தா மறுபடி பாடணும். அவர் குரல் அவர் குரலாகவே கடைசி வரிசைக்கும் கேட்கணும்!

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மாணவன்