ஈரப் பாத்தியில் டிசம்பர் பூ



மேல்நாட்டுத் தோட்டநூல்களைப் புரட்டினால், குளிரும் ஈரமும் நீங்காத பாத்திக்கு ஏற்றது 'பிரிமுலா' என்று எழுதியிருப்பார்கள். 'முதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வசந்தத்தில் முந்திப் பூப்பதால் வந்தது. கடலூர்க் கோடையை அச்செடி ஒரு திங்கள்கூடத் தாங்காது. நமக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிறது. அந்த ஈரத்தை அடுத்து வரும் பனியில் நம் முற்றங்களில் பூப்பது டிசம்பர் பூவே.

தாவரவியலார் இதனைப் பார்லேரியா என்பர். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜாக் பரெலியே என்னும் டொமினிக்கன் சபைத் துறவியின் நினைவாக இடப்பட்ட பெயர். கனகாம்பரமும் இதுவும் ஒரே குடும்பம். மணமில்லை; ஆயினும் பகல் குறுகும் காலத்தில் ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும்.

சிதம்பரத்தை அடுத்த ஒரு பங்கில் நாம் பணியாற்றிய காலம். 2014இல், விதவைத் தாய் ஒருவர் ஈரத்துணியில் சுற்றிய குச்சிகளைக் கொண்டுவந்தார். வெள்ளையில் ஊதாக் கோடு ஓடும் வகை. "எங்க அம்மா வூட்டுலேர்ந்து கொண்டாந்த செடி சாமி, மாதா கெபிக்கு வைங்க" என்றார். நாமும் கெபியின் அடியில், கூரைத்தண்ணீர் விழும் பள்ளத்திலேயே நட்டோம். செழிக்கும் என்ற நினைப்பு! கார்த்திகையில் இலைகள் பழுத்தன. தாகமென்று எண்ணி மேலும் நீர் வார்த்தோம். போதாக்குறைக்குப் பச்சைச் சாணமும் இட்டோம். பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் கறுத்து நாறின. களிமண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லை. மூச்சடைத்த வேரைப் பூஞ்சணம் பற்றிக்கொள்ளும். அப்போது மேலே இலை வாடுவது நீரின்மையால் வாடுவதைப் போலவே தோன்றும். நாம் ஏமாந்தது அங்கேதான்.

ஞாயிறு பூசைக்கு வந்த அத்தாய் வெறும் பாத்தியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நமக்குத்தான் முகம் கொடுக்க இயலவில்லை. மறு ஆடியில் மீண்டும் பன்னிரண்டு குச்சிகள் வந்தன. "இந்த வாட்டி மேடு கட்டுங்க சாமி."

கட்டினோம். ஓர் அடி உயரம். களிமண்ணோடு ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்து, இருபுறமும் வாய்க்கால் கீறினோம். ஒரு சாண் நீளக் குச்சியில் இரு கணு மண்ணுள் இருக்க, ஒன்றரை அடி இடைவெளியில் நட்டோம். தூரை ஒட்டி எரு குவிக்கவில்லை. மழை தொடங்கியபின் குடத்தைத் தொடவேயில்லை.

அவ்வாண்டுதான் 2015 வெள்ளம். அத்தாயின் தெருவில் நாட்கணக்கில் நீர் நின்றது. முற்றத்துத் தாய்ச்செடி அழுகிப்போயிற்று. கெபி மேட்டில் இருந்தவற்றுள் ஒன்பது பிழைத்தன. தை பிறக்குமுன் சில பூக்களும் காட்டின.

பூ ஓய்ந்ததும் மாசியில் பாதியளவு கவாத்து செய்தால் புதுக்கிளை அடர்ந்து வரும். 2016 ஆடியில் அக்கிளைகளிலிருந்து பன்னிரண்டு குச்சிகள் நறுக்கி அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். முற்றத்தில் மேடு ஏற்கெனவே தயாராயிருந்தது. குச்சிகளை எண்ணிப் பார்த்தவர் இரண்டை நம்மிடமே திருப்பி நீட்டினார்.

"இதையும் அங்கேயே நட்டு வைங்க சாமி. மழை எந்தப் பக்கம் வருமோ, யார் கண்டா?"