தாஜ்மகால் இருக்கிறது; அம்மா எங்கே?

ஒரு குடும்பம் ஆக்ராவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. தாஜ்மகாலைப் பார்த்தார்கள். கோட்டையைப் பார்த்தார்கள். செல்போனில் முன்னூறு படங்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து படங்களைப் பார்த்தார்கள். ஒரு படத்தில் அப்பா நிற்கிறார். ஒரு படத்தில் பையன் குதிக்கிறான். ஒரு படத்தில் பெண் சிரிக்கிறாள். எல்லாப் படங்களிலும் பின்னால் தாஜ்மகால் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது.

"அம்மா எங்கே?" என்று கேட்டது, பக்கத்து வீட்டுக் குழந்தை.

அம்மா இல்லை! ஏன் என்றால், படம் பிடித்தது அம்மா.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. சில வீடுகளில் அம்மா இருக்க மாட்டார். சில வீடுகளில் அப்பா இருக்க மாட்டார். காமிரா யார் கையில் இருக்கிறதோ, அவர் படத்தில் இல்லை!

அதனால் ஒரு கேள்வி எழுகிறது. ஊர் பார்க்கப் போகிற குடும்பம், தொழில் தெரிந்த போட்டோக்காரர் ஒருவரைக் காசு கொடுத்து அமர்த்திக் கொள்ளலாமா? அது ஆடம்பரமா? அவசியமா?

ஆடம்பரம் அல்ல. நல்ல செலவுதான். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மட்டும்! அதற்கு மேல் போனால், அதுவே கெட்ட செலவாகி விடும்.

முகம் தெரியாத ராணி

தாஜ்மகால் யாருக்காகக் கட்டப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். மொகலாயச் சக்கரவர்த்தி ஷாஜகான், தன் மனைவி மும்தாஜுக்காகக் கட்டினார்.

மும்தாஜ் 1631-ம் ஆண்டு, புர்ஹான்பூர் என்ற ஊரில் இறந்தார். அது அவருக்குப் பதினான்காவது பிரசவம். குழந்தை பிறந்தது, தாய் பிழைக்கவில்லை. மறு ஆண்டு, 1632-ல், ஆக்ராவில் யமுனை நதிக் கரையில் வேலை தொடங்கியது. ராஜஸ்தானத்தில் உள்ள மக்ரானாவில் இருந்து வெள்ளைப் பளிங்குக் கல் வந்தது. சுமார் 240 அடி உயரத்துக்குக் கட்டடம் எழுந்தது. உலகம் எல்லாம் வந்து பார்க்கிறது.

சரி, அந்த மும்தாஜின் முகம் எப்படி இருந்தது?

தெரியாது!

ஷாஜகானின் முகம் தெரியும். அவரை நேரில் பார்த்து ஓவியர்கள் வரைந்த படங்கள் பல இருக்கின்றன. ஆனால் மும்தாஜை நேரில் பார்த்து வரைந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் அரண்மனைப் பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்தார்கள். வெளி ஆண்கள் அவர்களைப் பார்க்க முடியாது. கடைகளில் "இதுதான் மும்தாஜ்" என்று விற்கிறார்களே, அவை பிற்காலத்தில் கற்பனையாக வரைந்த படங்கள்.

கணவர் மலை போலக் கட்டடம் எழுப்பினார். ஆனாலும் மனைவியின் முகம் உலகத்துக்குக் கிடைக்கவில்லை. கட்டடம் இருக்கிறது, முகம் போய்விட்டது.

அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றுகொண்டு, நம் வீட்டு அம்மாக்களின் முகத்தையும் விட்டுவிட்டு வரலாமா?

அன்றும் இன்றும்

1850-களில் ஜான் மர்ரே என்ற ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்ராவில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை. பெரிய காமிராவைத் தூக்கிக்கொண்டு போய், தாஜ்மகாலைப் பலமுறை படம் பிடித்தார்.

அந்தக் காலத்துக் காமிராவுக்கு அவசரம் ஆகாது. படம் பதிவதற்கு நெடுநேரம் பிடிக்கும். அசையாத கட்டடம் நன்றாக விழும். அசையும் மனிதர்கள் புகை போலக் கலைந்து போவார்கள்.

இன்று அந்தக் கஷ்டம் இல்லை. கண் சிமிட்டுவதற்குள் படம் விழுந்துவிடுகிறது. ஓடுகிற குழந்தையும் விழுகிறது. பறக்கிற புறாவும் விழுகிறது. அம்மா மட்டும் விழவில்லை!

"எனக்கு எதற்குப் படம்?"

"கையில் செல்போன் இருக்கிறது. வழியில் போகிற யாரிடமாவது கொடுத்தால் பிடித்துத் தரமாட்டாரா? அதற்கு ஒரு போட்டோக்காரரா?" என்று கேட்பவர்கள் உண்டு.

கேள்வி நியாயம்தான். கொடுக்கலாம், அவரும் பிடித்துத் தருவார். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், தாத்தாவின் கால் இருக்காது. தாஜ்மகாலின் உச்சி இருக்காது. நடுவே முன்பின் தெரியாத நாலு பேர் நிற்பார்கள். தாங்களே கையை நீட்டிப் பிடித்துக் கொண்டாலோ, மூக்கு பெரிதாகவும் தாஜ்மகால் சிறிதாகவும் இருக்கும்.

தொழில் தெரிந்தவர் அப்படிச் செய்ய மாட்டார். காலையில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்பது அவருக்குத் தெரியும். தண்ணீரில் கட்டடத்தின் நிழல் தெரிய வேண்டுமானால் எங்கே குனிய வேண்டும் என்பது தெரியும். கூட்டம் எப்போது விலகும் என்பதும் தெரியும்.

தோட்டத்தின் நடுவே ஒரு பளிங்கு பெஞ்சு இருக்கிறது. 1992-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், இங்கிலாந்து இளவரசி டயானா அதில் தனியாக உட்கார்ந்திருந்த படம் உலகம் முழுவதும் பரவியது. அதுமுதல், அந்த பெஞ்சில் உட்கார எப்போதும் போட்டி! அங்கே நம் முறை வரும்போது, இரண்டு நிமிடத்தில் குடும்பத்தையே உட்கார வைத்து முடித்துவிடுவார், போட்டோக்காரர்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு.

வீட்டில் யாருடைய படம் மிகவும் தேவையோ, அவர்கள்தான் ஒதுங்கி நிற்பார்கள். "நீங்கள் நில்லுங்கள். எனக்கு எதற்குப் படம்? பையை யார் பார்த்துக்கொள்வது?" என்பார் அம்மா. "இந்த வயசில் எனக்குப் படம் ஒரு கேடா?" என்பார் பாட்டி. பிள்ளைகள் கூப்பிட்டால் வரமாட்டார்கள். "மாதாஜி, நீங்களும் வாருங்கள்" என்று வெளி ஆள் ஒருவர் கையைக் காட்டினால், மறுக்க மாட்டாமல் வந்து நிற்பார்கள். முந்தானையைச் சரி செய்து கொள்வார்கள். கொஞ்சம் சிரிக்கவும் செய்வார்கள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் கூலி. அதை வீண் செலவு என்று சொல்ல முடியாது.

முதலில் பேச்சு, பிறகு போட்டோ

தாஜ்மகாலில், இந்தியத் தொல்லியல் துறை லைசென்சு கொடுத்த போட்டோக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அடையாள அட்டை உண்டு. அதைப் பார்த்த பிறகே பேச வேண்டும். ஊரில் இருந்து கிளம்பும் முன்பே, போன் மூலம் ஆளை ஏற்பாடு செய்து கொள்பவர்களும் உண்டு.

எப்படி அமர்த்தினாலும், படம் பிடிக்கத் தொடங்கும் முன் நான்கு விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும்.

முதலாவது, பணம் எவ்வளவு? மொத்தமாகவா, ஒரு படத்துக்கு இவ்வளவு என்றா?

இரண்டாவது, எத்தனை படம்? "பத்துப் படம் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அறுபது படங்களைப் பிடித்துக் காட்டி, "எல்லாம் நன்றாக இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துக் கொள்ளுங்கள்" என்பார்கள். குழந்தையின் படத்தை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்?

மூன்றாவது, காகிதத்தில் அச்சிட்டுத் தருவாரா, செல்போனுக்கு அனுப்புவாரா?

நான்காவது, எப்போது கொடுப்பார்? "ஊருக்கு அனுப்பி வைக்கிறேன்" என்பதைவிட, கையோடு வாங்கிக் கொள்வது நல்லது. முன்பணம் கொடுக்கலாம். முழுப் பணத்தையும் படம் கைக்கு வந்த பிறகே கொடுக்க வேண்டும்.

பேரம் பேசுவது தவறு அல்ல. ஆனால் பேசிய பணத்தைப் பிறகு குறைப்பது தவறு. வெயிலில் நின்று உழைக்கிற அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

நாளையும் பார்த்துப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலைச் சுற்றிப் பார்க்க முடியாது, தொழுகை நாள். மற்ற நாட்களில் சூரியன் உதிக்க அரை மணிக்கு முன்பே கதவு திறக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் காலையில் பனி மூடிவிடும். எதிரே இருக்கும் தாஜ்மகாலே கண்ணுக்குத் தெரியாது! அந்த மாதங்களில் பனி விலகிய பிறகு படம் பிடிப்பதே நல்லது.

முக்காலி போன்ற காமிராத் தாங்கிகளை உள்ளே விட மாட்டார்கள். தின்பண்டமும் கொண்டு போகக் கூடாது. ஆகவே குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுத்து அழைத்துப் போக வேண்டும். பசித்த குழந்தை எந்த போட்டோவிலும் சிரிக்காது.

ஒரு பங்கு படத்துக்கு. இரண்டு பங்கு கண்ணுக்கு

இனி, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2018-ம் ஆண்டு முதல், ஒரு டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம் என்று கணக்கு வைத்தார்கள். அந்த மூன்று மணியும் போட்டோவிலேயே போனால்?

அப்படிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். தாஜ்மகாலின் உச்சியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குவதுபோல் ஒரு படம். தாவிக் குதிப்பதுபோல் ஒரு படம். வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். தாஜ்மகால் அவர்களைப் பார்த்தது. அவர்கள் தாஜ்மகாலைப் பார்க்கவில்லை!

எவ்வளவு இருக்கிறது பார்ப்பதற்கு! வாசலைச் சுற்றிக் கறுப்புக் கல்லில் எழுத்துக்களைப் பதித்திருக்கிறார்கள். மேலே போகப் போக எழுத்து பெரிதாகிறது. அதனால் கீழே இருந்து பார்த்தால், எல்லாம் ஒரே அளவாகத் தெரிகிறது. நான்கு மூலைகளில் உள்ள கோபுரங்கள் வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன. இடிந்து விழுந்தாலும் நடுக் கட்டடத்தின் மேல் விழக் கூடாது என்று அப்படிக் கட்டியதாகச் சொல்வார்கள். பளிங்கைக் குடைந்து, வண்ணக் கற்களை வைத்துப் பூ இழைத்திருக்கிறார்கள். ஒரு சிறு பூவுக்குள் எத்தனை கல் என்று குழந்தைகள் எண்ணிப் பார்க்கலாம்.

உள்ளே, சரியாக நடுவில் மும்தாஜின் சமாதி. அதன் பக்கத்தில், ஓரமாக, ஷாஜகானின் சமாதி. உண்மையான கல்லறைகள் அதற்குக் கீழே, நிலவறையில் இருக்கின்றன. இந்தப் பகுதிக்குப் போக 2018 டிசம்பரில் இருந்து தனியாக 200 ரூபாய் டிக்கெட்டு வைத்தார்கள். இங்கே படம் பிடிக்கக் கூடாது.

அதுவும் நல்லதுதான். காமிரா பைக்குள் போய்விட்டால், கண் தானாகத் திறக்கிறது. அது ஒரு தாயின் கல்லறை என்ற நினைப்பும் வருகிறது. கூச்சலும் கும்மாளமும் அங்கே பொருந்தாது.

ஷாஜகானை அவருடைய மகன் ஔரங்கசீப் 1658-ல் ஆக்ரா கோட்டையில் சிறை வைத்தார். 1666-ல் இறக்கும்வரை ஷாஜகான் அங்கேதான் இருந்தார். கோட்டையில் இருந்து பார்த்தால் தாஜ்மகால் தெரியும். கட்டிய மனிதருக்குக் கடைசியில் மிஞ்சியது, கண்ணால் பார்ப்பது ஒன்றுதான். ரெயில் ஏறி அவ்வளவு தூரம் போகிறவர்கள், அந்தப் பார்வையை இழக்கலாமா?

ஆகவே மூன்று மணியில் ஒரு மணி படத்துக்கு. இரண்டு மணி கண்ணுக்கு. இதுதான் சரியான கணக்கு.

படத்தின் பின்பக்கம்

வாங்கி வந்த படத்தைச் செல்போனுக்குள்ளேயே வைத்திருந்தால் போதாது. செல்போன் தண்ணீரில் விழும், தொலையும், பழுதாகும். படமும் அதோடு போய்விடும். நல்லதாக ஒரு படத்தைத் தேர்ந்து எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும்.

மாட்டும் முன், பின்பக்கத்தில் எழுத வேண்டும். யார் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று. அதை அம்மாவின் கையாலேயே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. எழுத்து கோணலாக இருந்தால் என்ன? அம்மாவின் எழுத்து அல்லவா?

நாளைக்குப் பேரப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். "பின்னால் இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்க மாட்டார்கள். தாஜ்மகாலை எல்லோருக்கும் தெரியும். "நடுவில் நிற்கிறாரே, அது யார்?" என்றுதான் கேட்பார்கள்.

அதற்குப் பதில் சொல்ல ஒரு முகம் வேண்டும். சக்கரவர்த்தியால்கூட வைத்துவிட்டுப் போக முடியாத அதை, சாதாரணக் குடும்பம் ஒன்று ஒரு மணி நேரச் செலவில் வைத்துவிட்டுப் போகலாம்.