நடந்து அறியும் நகரம்

பெரிய நகரம் ஒன்றைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்தில் ஏறினால் புகழ்பெற்ற இடங்கள் பலவற்றைப் பார்த்துவிடலாம். விரைவு ரயிலில் சென்றால் நேரமும் மிச்சமாகும். அப்படியிருக்க, நாள் முழுவதும் வெயிலில் நடந்து திரிவது அறிவுடைமையா? இக்கேள்விக்கு விடை காண, சிங்கப்பூருக்கு வந்த சுற்றுப்பயணி ஒருவர் நடந்தே கழிக்கும் ஒரு நாளைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

காலை எட்டு மணி. தெலுக் ஆயர் ரயில் நிலையத்திலிருந்து அவர் வெளியே வருகிறார். அலுவலகங்களுக்கு விரையும் கூட்டம் அவரைக் கடந்து செல்கிறது. மலாய் மொழியில் ‘தெலுக்’ என்றால் விரிகுடா. ‘ஆயர்’ என்றால் நீர். ஆனால், அங்குக் கடலைக் காணோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் வானளாவிய கட்டடங்களே தெரிகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலை மண்ணிட்டு நிரப்பும்வரை, அந்தத் தெருதான் கடற்கரையாக இருந்தது. கடல் விலகிப் போனாலும் அதன் பெயர் தெருவிலேயே தங்கிவிட்டது.

அவர் தெருவோரமாக நடக்கிறார். முதலில் நாகூர் தர்கா தென்படுகிறது. தென்னிந்திய முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் அதை எழுப்பினார்கள். சற்றுத் தள்ளி, 1842இல் கட்டி முடிக்கப்பட்ட தியான் ஹொக் கெங் கோயில். கடலைக் கடந்து பத்திரமாக வந்து சேர்ந்த சீனர்கள், கடல் தெய்வமான மாசுவுக்கு அங்கு நன்றி செலுத்தினார்கள். இன்னும் சிறிது தூரம் நடந்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். அது 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியது. அதனால் தமிழ் முஸ்லிம்கள் அதைக் ‘குச்சுப் பள்ளி’ என்று அழைத்தார்கள். குச்சு என்பது சிறு குடிசையைக் குறிக்கும் தமிழ்ச்சொல்.

பேருந்தில் செல்பவரும் இந்த மூன்று கட்டடங்களைப் பார்க்கலாம். ஆனால், அவை சில நொடிகளில் கடந்து போய்விடும். நடந்து செல்பவருக்கோ அவற்றுக்கு இடையிலான நெருக்கம் புரிகிறது. ஒரே கடலைக் கண்டு அஞ்சிய மக்கள், ஒரே கரையில், சில நிமிட நடைத் தொலைவில் தத்தம் இறைவனுக்கு நன்றி கூறியிருக்கிறார்கள். இன நல்லிணக்கத்தைப் பற்றிப் பல பக்கங்கள் படிப்பதைவிட, இந்தத் தெருவில் கால் மணி நேரம் நடப்பது அதை எளிதாக உணர்த்திவிடும்.

வெப்பமண்டல நகரத்தில் நடப்பது எளிதன்று எனச் சிலர் கூறுவர். அது உண்மையே. நண்பகல் வெயில் சுடுகிறது. திடீரென மழையும் கொட்டுகிறது. ஆயினும், நகரத்தை அமைத்தவர்கள் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. கடைவீடுகளின் முன்புறத்தில், கூரையுடன் கூடிய நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் கூறியது. அதுவே பின்னர் ‘ஐந்தடிப் பாதை’ என்று பெயர் பெற்றது. மேக்ஸ்வெல் உணவங்காடியில் மதிய உணவை முடித்த சுற்றுப்பயணி, மழை தொடங்கியதும் அப்படிப்பட்ட ஒரு பாதையில்தான் ஒதுங்குகிறார்.

மழை விட்டதும் அவர் சவுத் பிரிட்ஜ் சாலையில் நடக்கிறார். அது சைனாடவுன் வட்டாரம். ஆனால், அங்கே 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் அருகிலேயே, தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமே பள்ளிவாசலும் இருக்கிறது. பக்கத்துத் தெருக்களின் பெயர்ப் பலகைகளை அவர் படிக்கிறார்: பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், மாஸ்க் ஸ்திரீட். கோயில் கோபுரமும் கோயிலும் பள்ளிவாசலும் அந்தத் தெருக்களுக்குப் பெயர் தந்திருக்கின்றன!

“கைத்தொலைபேசியைத் தட்டினால் இவையெல்லாம் தெரிந்துவிடுமே” என்று மாணவர்கள் கேட்கலாம். தேடினால் நிச்சயம் தெரியும். ஆனால், ஒருவர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் கைத்தொலைபேசி சொல்லும். எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெருதான் கற்றுத் தருகிறது. ‘கடலே இல்லாத இடத்துக்கு ஏன் கடலின் பெயர்?’ என்ற கேள்வி, அங்கே நின்று பார்ப்பவருக்கே எழும்.

மாலையில் அவர் சிங்கப்பூர் ஆற்றங்கரையை அடைந்து, 1869இல் கட்டப்பட்ட கேவனா பாலத்தில் ஏறுகிறார். இன்று அதில் வாகனங்கள் ஓடுவதில்லை. மாடுகளும் குதிரைகளும் பாலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது. அதைப் படித்துச் சிரித்துவிட்டு அவர் மறுகரைக்குச் செல்கிறார். அங்கே, இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த டல்ஹௌசி பிரபு 1850இல் சிங்கப்பூருக்கு வந்ததை நினைவுகூரும் கல்தூண் ஒன்று நிற்கிறது. அதில் ஆங்கிலம், சீனம், ஜாவி, தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளில் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் சுதந்திரம் அடைவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகவே, இவ்வூரின் பொது இடத்தில் தமிழ் எழுத்து இடம்பெற்றுவிட்டது.

சுற்றுப்பயணி அந்தத் தூணைப் படம் எடுத்துக்கொள்கிறார். ஆனால், தமிழ்ப் பகுதியை அவரால் படிக்க முடியாது. அதைப் படிக்கக்கூடிய மாணவர் ஒருவர், அதே நேரத்தில் சற்றுத் தொலைவில், நிலத்தடி ரயிலில் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி சென்றுகொண்டிருக்கக்கூடும். அவர் பிறந்து வளர்ந்த ஊரை ஓர் அயல்நாட்டவர் ஒரே நாளில் அவரைவிட நன்றாக அறிந்துகொள்கிறார். வருந்த வேண்டியது இதற்காகத்தான்.

விரைவு ரயிலும் பேருந்தும் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அவை இல்லாமல் பெருநகரம் ஒரு நாள்கூட இயங்காது. அவை ஒருவரை ஓர் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால், அந்த இடத்தை அறிந்துகொள்ளக் கால்கள்தாம் வேண்டும். அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு குடை, ஒரு போத்தல் தண்ணீர், உடன் வர ஒரு நண்பர் போதும். அடுத்த பள்ளி விடுமுறையில், இறங்க வேண்டிய நிலையத்துக்கு ஒரு நிலையம் முன்னதாக இறங்கி நடந்து பார்க்கலாம். குச்சுப் பள்ளி என்ற பெயரும், கல்தூணில் உள்ள தமிழும் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களுக்காக இன்னும் காத்திருக்கின்றன.